ஊதும் கருவிக்கு முன்னால்: செங்கோட்டையிலிருந்து கேள்வி பதில்

ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். டியூட்டிக்கு வரும் ரயில் டிரைவர் குடித்திருக்கிறாரா என்று மூச்சுக் காற்றை ஊதச் சொல்லிப் பார்க்கும் கருவி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

புனலூர்: அண்ணாச்சி, ராத்திரி குடித்தால் எட்டு மணி நேரம் இடைவெளி போதுமா?

போதாது தம்பி. டியூட்டிக்கு முன் எட்டு மணி நேரம் தொடக்கூடாது என்பது ரயில்வேயின் பொது விதி 2.09. டியூட்டியில் போதையே இருக்கக்கூடாது என்பதும் அதே விதிதான். 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலை ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். இரவு பத்து மணிக்கு 150 இருந்தால், காலை ஆறு மணிக்கும் 30 மிச்சம். குளியலோ காபியோ மோரோ அதை விரட்டாது.

தென்மலை: இளநீர் குடித்தாலே கருவி காட்டுமாமே?

2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் இளநீர், சில வகைப் பழங்கள், இருமல் மருந்து, ஹோமியோ மருந்து எல்லாவற்றையும் டியூட்டிக்கு முன் விலக்கச் சொன்னது. எதிர்ப்பு வந்ததும் உத்தரவைத் திரும்பப் பெற்றது. இளநீர் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. ஹோமியோ சொட்டு வேறு கதை, அதில் ஆல்கஹால் உண்டு. ஒரு அசிஸ்டன்ட் டிரைவர் பையன் சைன் ஆன் போட, அதாவது டியூட்டியில் சேரக் கையெழுத்துப் போட, வந்து ஊதினான், கருவி காட்டிவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. சொட்டு மருந்தை அப்போதுதான் நாக்கில் விட்டிருக்கிறான். வாய் கொப்பளிக்க வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தோம். மறுபடி ஊதினான், பூஜ்யம். வாயில் தங்கியது கால் மணியில் போய்விடும், ரத்தத்தில் ஏறியது போகாது.

கொல்லம்: அப்போ கருவிதானே தப்பு? எதற்கு எங்களைச் சந்தேகப்பட வேண்டும்?

கருவியைச் சரிபார்த்து வைக்கக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. இரண்டாம் முறை ஊதவும் ரத்தப் பரிசோதனைக்கும் கேளுங்கள். ஊதுவதையே நிறுத்தச் சொல்லாதீர்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு முப்பது மீட்டர் ஓடுகிறது வண்டி. நீங்கள் சிக்னலைப் பார்த்து பிரேக்குக்குக் கை கொண்டுபோவதற்குள் ஒரு பெட்டி நீளத்துக்கு மேல் ஓடிவிடும்.

ஆரியங்காவு: ஏலக்காய் மென்றால்?

கருவி பார்ப்பது நுரையீரல் காற்றை. இதே கேள்வி நாலாவது தடவை, இனிப் பதில் சொல்ல மாட்டேன்.

தென்காசி: கஞ்சா அடித்திருந்தால் இந்தக் கருவியில் தெரியாதே?

தெரியாது, அதுதான் என் பயம். 1987 ஜனவரி 4, அமெரிக்காவில் மேரிலாந்தின் சேஸ் என்ற இடம். கஞ்சா புகைத்திருந்த டிரைவர் சிக்னலைத் தாண்டிப் பயணிகள் ரயிலின் பாதைக்குள் போனார், 16 பேர் செத்தார்கள். 1991இல் போதைச் சோதனைக்கு அங்கே தனிச் சட்டமே வந்தது. தூக்க மாத்திரை, சளி மாத்திரை எடுப்பவர்களும் ரயில்வே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பெயர் சொல்லாத ஒரு அம்மா: ரயில் டிரைவரான என் வீட்டுக்காரர் குடிக்காதீர்கள் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். ஆபீஸில் சொன்னால் அவர் வேலை போய்விடுமோ?

தாயி, டியூட்டியில் பிடிபட்டால் ரயில்வே சட்டம் 172ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. அதற்கு முன்னால் அவருக்கு மேலே இருக்கும் லோகோ இன்ஸ்பெக்டரிடம் பேசுங்கள், டிரைவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் அவர் வேலைதான். முடியாத நாளில் சைன் ஆன் போடுமுன்னே ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லச் சொல்லுங்கள். வேறொருவர் வண்டியை எடுத்துக்கொள்வார்.