டாக்ரோலிமஸ் புரதத்தின் மடிப்பைக் கெடுக்குமா?

கேள்வி: என் கணவருக்குப் போன ஆண்டு மதுரையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க இரு வேளையும் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார். புரதம் மடிய உதவும் நொதியை அந்த மருந்து முடக்குகிறது என்கிறான், உயிர்வேதியியல் படிக்கும் எங்கள் மகன். அப்படியானால் உடம்பில் உள்ள புரதமெல்லாம் கெட்டுவிடாதா? முட்டை, கறியை நிறுத்திவிடலாமா? இப்போது காபி டம்ளரைப் பிடித்தாலே அவருக்கு விரல்கள் நடுங்குகின்றன.
- வாசகி, மேலூர்

பதில்: உங்கள் மகன் படித்தது சரிதான் அம்மா. ஆனால் மருந்து பலன் தருவது அந்த வழியில் அல்ல.

செல்லுக்குள் புரதம் நீண்ட சங்கிலியாக உருவாகி, பிறகு உரிய வடிவில் மடிகிறது. புரோலின் என்ற அமினோ அமிலம் வரும் இடங்களில் சங்கிலி மெதுவாகத்தான் திரும்பும். அதை விரைவுபடுத்தும் நொதிகளில் ஒன்று எஃப்.கே.பி.பி.12. டாக்ரோலிமஸ் போய் ஒட்டுவது இதில்தான். ஒட்டியதும் இதன் வேலை நின்றுவிடும். ஆனால் எதிர்ப்பாற்றல் குறைவதற்குக் காரணம் அது அல்ல. மருந்தும் நொதியும் சேர்ந்து கால்சிநியூரின் என்ற வேறொரு நொதியை முடக்குகின்றன. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் ஏறிய பிள்ளை அழகரைப் பார்த்துவிடுவதுபோல, தனியாக எட்டாததை மருந்து இப்படி எட்டிவிடுகிறது. கால்சிநியூரின் முடங்கினால் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள், தாங்கள் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்ற பொருளைச் சுரப்பது குறையும். புதிய சிறுநீரகத்தைத் தாக்க அவை பெருகாது. இதேபோன்ற இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினும் சைக்ளோஃபிலின் என்ற இன்னொரு மடிப்பு நொதியோடு சேர்ந்து இதையே செய்கிறது.

மடிப்பு வேலை என்ன ஆகும்? எஃப்.கே.பி.பி., சைக்ளோஃபிலின் என்ற இந்த இரு நொதிக் குடும்பங்களின் 12 மரபணுக்களையும் நீக்கிய பிறகும் ஈஸ்ட் உயிர் வாழ்ந்ததை 1997-இல் காட்டினார்கள். மனிதன் ஈஸ்ட் அல்லதான். ஆனாலும் 1990-களிலிருந்து உலகெங்கும் புழங்கும் மருந்து இது. நாங்கள் கண்காணிப்பது சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், நடுக்கம் இவற்றைத்தான். மகனுக்கு ஒரு செய்தி: கால்சிநியூரினைத் தொடாமல் சைக்ளோஃபிலினை மட்டும் முடக்கும் அலிஸ்போரிவிர் என்ற மருந்தை ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் சோதித்தார்கள், விற்பனைக்கு வரவில்லை.

முட்டையும் கறியும் வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகிவிடும். இந்த மடிப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அளவை உங்கள் சிறுநீரக மருத்துவர் சொல்வார். நன்றாக வெந்ததாக இருக்கட்டும். ரோட்டுக்கடை ஆஃப் பாயில் மட்டும் வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசியில் எழுதிய நடுக்கம். இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு கூடினால் விரல் நடுங்கும். அண்மையில் கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃப்ளுகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கானது) போன்ற மருந்து எதுவும் எடுத்தாரா? வயிற்றுப்போக்கு இருந்ததா? கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் சாப்பிட்டாரா? மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்களா? எல்லாமே அளவை மாற்றக்கூடியவை. இந்த வாரமே, காலை மாத்திரையைப் போடுவதற்கு முன் இரத்தம் கொடுத்து அளவைப் பாருங்கள். இரத்தம் கொடுத்ததும் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். பயந்துகொண்டு ஒரு வேளையைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடக்கூடும்.