மொட்டை முனையும் பித்தளைக் கூடும்

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு வேட்டை உரிமம் எடுத்துவிட்டேன். 45 பவுண்டு இழுவிசை கொண்ட ரிகர்வ் வில்லும் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) மரத்தண்டு அம்புகளும் இருக்கின்றன. முயல், அணிலுக்கான முனையை வீட்டிலேயே செய்ய முடியுமா? இலக்குப் பலகையில் எய்யும் கூர்முனையே போதும் என்கிறார் நண்பர்.
(வாசகர், டெட்ராய்ட்)

பதில்: இந்த விஷயத்தில் நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். கூர்முனை ஊசி மாதிரி துளைத்து மறுபக்கம் போய்விடும். முயல் காயத்தோடு புதருக்குள் ஓடி எங்கோ கிடந்து சாகும். என்னால் பொறுக்கவே முடியாத விஷயம் இது. மொட்டை முனை துளைக்காது, அடிக்கும். கிட்டத்திலிருந்து தலையிலோ நெஞ்சிலோ விழும் அடி சின்ன உயிரை அங்கேயே சாய்த்துவிடும்.

தண்டு 11/32 அங்குலம் என்றால் வேலை சுலபம். .38 ஸ்பெஷல் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடு அதில் அப்படியே உட்காரும். துப்பாக்கி சுடும் களத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு கூட்டையும் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்: நடுவில் இருக்கும் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) துப்பாக்கி ஊசி தட்டிய குழி இருக்க வேண்டும். குழி இல்லையென்றால் அது இன்னும் வெடிக்காதது. தொடாதீர்கள்.

உள்ளே படிந்த கரியை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். தண்டின் நுனி ஏற்கெனவே சீவியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும். அம்பு குட்டையாகும், அதனால் வெட்டுமுன் வில்லை முழுதாக இழுத்து நீளம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எபாக்சி தடவி, முறுக்கி, அடிவரை இறக்குங்கள். பசை இறுகுமுன் அம்பை உருட்டிப் பாருங்கள். கூடு கோணலாக ஆடினால் உடனே சரிசெய்ய வேண்டும். காய்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

எடையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெறும் கூடு 65, 70 கிரெய்ன்தான் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) இருக்கும். 125 கிரெய்ன் முனைக்குப் பழகிய கைக்கு அம்பு வேறெங்கோ போகும். நான் கூட்டின் அடியில் ஈயக் குண்டுகள் போட்டுத்தான் தண்டை இறக்குவேன். சமையலறைத் தராசில் கூடும் ஈயமும் சேர்ந்து 8 கிராம், அதாவது ஏறக்குறைய அதே 125 கிரெய்ன், காட்டினால் சரி.

உயரமான புல்லில் மொட்டை அம்பும் அடியில் வழுக்கி ஓடி ஒளிந்துகொள்ளும். அங்கே ஸ்விக்கி நிறுவனத்தின் ஜூடோ முனையை வாங்கிவிடுங்கள். அதன் நான்கு கம்பிக் கைகளும் புல்லைப் பற்றி அம்பை நிறுத்தும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே முயல் வேட்டை குற்றம். பலகையில் மட்டும் எய்யுங்கள்.

கடைசியாக அணில். மரத்தை நோக்கி மேலே எய்யும்போது சாதாரண இறகு வைத்த அம்பு குறி தப்பினால் வெகுதூரம் போய் யார் தலையிலாவது விழலாம். பெரிய, அடர்ந்த இறகு கட்டிய ஃப்ளூ-ஃப்ளூ அம்பு சுமார் 30 கஜத்துக்குப் பிறகு வேகம் இழந்துவிடும். அணிலுக்கு அது இல்லாமல் எய்யாதீர்கள்.