கள்ளிக்கும் கத்தரிக்கும் ஒரே தண்ணீர்க் கணக்கு சரியா?

மொட்டை மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சப்பாத்திக்கள்ளிக்கும் கத்தரிக்கும் தினமும் ஒரே அளவு தண்ணீர் விட்டும், கள்ளி மட்டும் ஏன் அடியில் அழுகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தினசரித் தண்ணீர்தான் காரணம். கள்ளியில் இலை மாதிரி தெரியும் பச்சைத் தட்டு உண்மையில் தண்டு. நீரைச் சேமிப்பதும் அதுதான். முட்கள்தான் உருமாறிய இலைகள். பகல் வெயிலில் நீர் ஆவியாகாமல் இருக்க, கள்ளி தன் தோலில் உள்ள நுண்ணிய மூச்சுத் துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே தன் உணவைச் சமைக்கும். ராத்திரி சந்தைக்குப் போய்வருகிற ஆள்!

கத்தரி நேர்மாறு. அகன்ற இலை, பகலில் திறந்த துளைகள். மே மாத மதியம் துவண்டு தொங்கும். சாயங்காலம் தண்ணீர் விட்டால் நிமிர்ந்துவிடும். அதற்குத் தினசரித் தண்ணீரும் தொழுவுரமும் வேண்டும். நுனிக்குருத்து மட்டும் வாடினால் தண்டுத் துளைப்பான் புழு; கிள்ளி எறியுங்கள்.

கள்ளிக்குப் பாதி மணல் கலந்த மண், தொட்டியடியில் துளை. மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். அழுகாத தட்டு ஒன்றை வெட்டி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, காய்ந்த மணலில் ஊன்றுங்கள். வேர்விட்டுவிடும்.