சீஷெல்ஸ் தேர்தல்கள் கண்துடைப்பா? – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸில் 1991 டிசம்பரில் பல கட்சி முறையை அறிவித்தவர் அப்போதைய அதிபர் ஃபிரான்ஸ்-ஆல்பர்ட் ரெனே. 1977இல் ஆட்சியைக் கவிழ்த்து வந்தவரும் அவர்தான், 1993 தேர்தலில் ஜெயித்தவரும் அவர்தான். எதிர்க்கட்சி ஆட்சிக்கு வர 2020 ஆகிவிட்டது. நடுவில் நடந்த தேர்தல்கள் வெறும் கண்துடைப்புதானே?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

சந்தேகம் நியாயமானது, முடிவுதான் தவறு. ஆட்சி மாறிய நாளை மட்டும் பார்த்தால் 1992 நவம்பர் கண்ணில் படாமல் போய்விடும்.

அந்த மாதம் ரெனேயின் கட்சி தனக்குத் தோதாக ஓர் அரசியலமைப்பை எழுதிப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி வரைவுக் குழுவிலிருந்து ஏற்கெனவே வெளிநடப்பு செய்திருந்தது. சுமார் 54 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். விதிப்படி 60 தேவை, ஆகவே வரைவு தோற்றது. பதினைந்து ஆண்டுகள் கேள்வி கேட்பாரின்றி ஆண்டவர்கள், பாதிக்கு மேல் ஓட்டு கிடைத்தும் அந்த விதியில் கைவைக்கவில்லை. 1993 ஜனவரியில் வரைவுக் குழு மறுபடி உட்கார்ந்தது. இம்முறை விவாதம் தொலைக்காட்சியில் நேரலையாகப் போனது. 1977இல் பதவி பறிபோய், லண்டனிலிருந்து திரும்பியிருந்த முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மான்சமும் ரெனேயும் சேர்ந்து ஏற்ற புதிய வரைவுக்கு ஜூனில் ஏறக்குறைய 74 சதவீத ஆதரவு. என்னைக் கேட்டால் மாற்றம் அங்கேயே நடந்துவிட்டது.

அப்புறம் ஏன் இத்தனை காலம்? ஏறக்குறைய லட்சம் பேரே வாழும் ஊரில் யார் எந்தக் கட்சி என்பது தெருவுக்கே தெரியும். அரசு வேலையை நம்பியிருக்கும் குடும்பம் எதிர்க்கட்சிப் பக்கம் நிற்பது லேசான காரியமில்லை. ஆங்கிலிகன் பாதிரியாரான வேவல் ராம்கலவான் 1998 முதல் நின்று தோற்றுக்கொண்டே இருந்தார். 2015 இரண்டாம் சுற்றில் ரெனே கட்சியின் அதிபர் ஜேம்ஸ் மிஷேலிடம் தோற்றது வெறும் 193 ஓட்டில். நீதிமன்றத்திலும் பலனில்லை. ஆனால் அடுத்த ஆண்டே அவருடைய கூட்டணி நாடாளுமன்றத்தின் 33 இடங்களில் 19ஐப் பிடித்தது, மிஷேல் பதவி விலகினார். 2020இல், ஆறாவது முயற்சியில், ராம்கலவான் ஜெயித்தார். அவர் வெற்றி உரை ஆற்றியபோது தோற்ற அதிபர் டேனி ஃபோர் அங்கேயே உட்கார்ந்து கேட்டார். கண்துடைப்புத் தேர்தலில் இதெல்லாம் நடக்காது.

2025 அக்டோபரில் பேட்ரிக் எர்மினி தலைமையில் ரெனேயின் அந்தப் பழைய கட்சியே ஓட்டு வாங்கித் திரும்ப வந்திருக்கிறது. அது மக்கள் முடிவு, சரி. என் கவலை வேறு. 1977க்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களை உண்மை ஆணையம் விசாரித்து இழப்பீட்டுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. அதை இந்த அரசு தட்டிக் கழிக்கக் கூடாது.