ஒரே சந்தை சரி, ஒரே பணம்?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

இங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. இரண்டு உலகப்போரில் அடித்துக்கொண்ட ஐரோப்பாக்காரர்களே யூரோ என்று ஒரே பணத்துக்கு வந்துவிட்டார்கள். இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் எல்லாம் ஒரே சந்தை, ஒரே பணம் என்று ஆனால் என்ன? 2022இல் இலங்கை மக்கள் அப்படித் தவித்திருக்க மாட்டார்களே?

ஒரு வாசகர், நாகப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

சந்தை ஒன்றாகட்டும். பணம் அவரவரிடமே இருக்கட்டும்.

இலங்கை ரூபாயும் நம் ரூபாயும் வெகுகாலம் சரிக்குச் சரியாக இருந்தவைதான். 1966 ஜூனில், டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்ததை இந்தியா 7.50 ஆக்கி, தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. இலங்கை கூடவே இறங்கவில்லை. வளைகுடாவில் சில நாடுகள் நம் ரிசர்வ் வங்கி தனியாக அச்சடித்துக் கொடுத்த ரூபாயையே புழங்கிக்கொண்டிருந்தன. கத்தாரும் துபாயும் அந்த வருஷமே அதை விட்டுவிட்டன. வேறென்ன செய்வார்கள்? போரும் பஞ்சமும் நம்முடையவை, முடிவெடுத்தது டில்லி, மதிப்பிழந்தது அவர்கள் பெட்டியில் இருந்த நோட்டு. இன்று தெற்காசியாவின் மொத்த உற்பத்தியில் முக்கால் பங்குக்கு மேல் இந்தியாவுடையது. பொது வங்கி என்று ஒன்று வைத்தால் அதன் வட்டி விகிதம் மும்பையைப் பார்த்துத்தான் ஏறி இறங்கும். கொழும்புக்கு அது ஏற்குமா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

நேபாளம் 1993 முதல் நம் ஒரு ரூபாய்க்கு 1.60 என்று கட்டிவைத்திருக்கிறதே என்பீர்கள். அது அவர்களே போட்ட முடிச்சு, வேண்டாமென்றால் அவிழ்த்துக்கொள்ளலாம். யூரோவில் அது அவ்வளவு சுலபமில்லை.

2022க்கு வருவோம். 2019இல் வரியைக் கண்டபடி குறைத்தார்கள். டாலர் கடன் ஏற்கெனவே கழுத்தளவு. 2021இல் ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை. டெல்டாக்காரருக்கு அதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை. இதில் எதையும் பொதுப் பணம் தடுத்திருக்காது. கிரீஸைப் பாருங்கள். 2001இல் யூரோவில் சேர்ந்தது, மலிவு வட்டிக்கு வாங்கிக் குவித்தது. நெருக்கடி வந்தபோது நாணய மதிப்பைக் குறைக்க வழியில்லை. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும்தான் வெட்ட முடிந்தது. 2015இல் ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோ என்று வரிசையில் நின்றார்கள். இலங்கையில் டாலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது கொடுமைதான். ஆனால் அதே சரிவில்தான் சுற்றுலாவும் ஏற்றுமதியும் மலிவாகி, மறுபடி டாலர் வர ஒரு வாசல் இருந்தது.

பீகாருக்கும் மன்னார்குடிக்கும் ஒரே பணம் எப்படிச் சரிப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வேலை இல்லையென்றால் ரயிலேறி இங்கே நடவுக்கு வந்துவிடுகிறார்கள். விசா கிடையாது. வரியைத் திரட்டி இல்லாத இடத்துக்கு அனுப்ப ஒரு மத்திய அரசும் இருக்கிறது. அதிலேயே நமக்கு எத்தனை மனத்தாங்கல்! பகிர்ந்தளிக்கும் வரியில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் என்று 15ஆவது நிதிக்குழு சொன்னதற்கே இன்னும் கோபம் ஆறவில்லை. நாளைக்குக் கொழும்பின் ஓய்வூதியத்துக்கும் டாக்காவின் கடனுக்கும் நம் வரி போகும் என்றால் உங்கள் தெருவிலேயே எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்? அந்தப் பொதுக் கஜானா இல்லாமல் பொதுப் பணம் நிற்காது. ஐரோப்பா அதை அரைகுறையாக வைத்துக்கொண்டுதான் அவ்வளவு பாடு பட்டது.

சந்தை விஷயம் வேறு. அதில் நாம் வெட்கப்படும்படி பின்தங்கியிருக்கிறோம். இலங்கையோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998இல் கையெழுத்தானது. தெற்காசியா முழுமைக்குமான ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் தலைவர்கள் கடைசியாக மாநாடு கூடியது 2014இல், காத்மாண்டுவில். கண்ணுக்கெட்டும் தூரத்துக்குக் கப்பல் விடவே 2023 அக்டோபர் ஆனது, அதுவும் நின்று நின்று ஓடியது. 2024 முதல் நம்மவர்கள் இலங்கைக் கடைகளில் யுபிஐயில் பணம் கட்ட முடிகிறது. அங்கிருந்து வருகிறவரும் தன் ஊர் வங்கிச் செயலியிலேயே இங்கே கட்டும்படி ஆகட்டும். சரக்குக் கப்பல் தவறாமல் வரட்டும். சுங்கத்தில் வெங்காயம் அழுகாமல் கைமாறட்டும். அப்புறம் உங்கள் ஊர் மீனவர் பிரச்சினை. அந்தச் சின்னக் கடலில் யார் எங்கே எந்த வலையைப் போடுவது என்பதையே இரண்டு அரசுகளாலும் பேசி முடிக்க முடியவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.