மறு: புத்தகக் கணக்கு வருது, மாத்திக் கேட்டா முழிக்கிறான்

மஞ்சக்குப்பம் அம்மா, பத்தாம் வகுப்பு முக்கோணவியல்ல கோபுரக் கணக்கைத் தூக்கத்துலகூடப் போடுற பையன், பட்டம்னு மாத்திக் கேட்டதும் பேனாவை வெச்சுட்டான்னு எழுதியிருக்கீங்க. இன்னொரு டியூஷன் வேண்டாம். அவன் படத்தை மனப்பாடம் பண்ணியிருக்கான், அவ்வளவுதான்.

ரெண்டு கணக்கைப் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. 60 மீட்டர் கோபுர உச்சியிலேர்ந்து 30 பாகை இறக்கக் கோணத்துல (கிடைமட்டத்துலேர்ந்து கீழே பாக்குற கோணம்) படகு தெரியுது, கோபுர அடியிலேர்ந்து படகு எவ்வளவு தூரம்? சில்வர் பீச்சுல 60 மீட்டர் நூல்ல பட்டம், தரையோட 30 பாகை, உயரம் என்ன? எண்கள் ஒண்ணுதான். ஆனா முதல்ல 60 எதிர்ப்பக்கம், கேட்டது அடுத்துள்ள பக்கம். அதனால டேன், விடை 60√3. ரெண்டாவதுல 60 கர்ணம், கேட்டது எதிர்ப்பக்கம். அதனால சைன், விடை 30. உடனே போட விடாதீங்க. எது தெரியும், எதைக் கேக்குறாங்க, அது எந்தப் பக்கம்னு வாய்விட்டுச் சொல்லட்டும்.

இது உங்க பையனுக்கு மட்டும் உள்ள குறை இல்ல. கிக், ஹோலியோக்னு ரெண்டு உளவியலாளர்கள் 1980ல கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கோட்டைக் கதை கொடுத்து, அதே தீர்வு பொருந்துற மருத்துவப் புதிரைக் கேட்டாங்க. கதை உதவும்னு சொல்ற வரைக்கும் பெரும்பாலானவங்களுக்குத் தோணவே இல்ல! 1983ல அவங்களே ரெண்டு கதையை ஒப்பிடச் சொன்னதும் நிறையப் பேருக்குப் பிடிபட்டுச்சு.

அப்புறம், வடிவொத்த முக்கோணக் கணக்கையும் நடுநடுவே கலந்து கொடுங்க, பாடத் தலைப்பு இல்லாம. எந்த முறைன்னு அவனே யோசிக்கணும். ஆரம்பத்துல மார்க் குறையலாம், திட்டாதீங்க.