சிறை மருத்துவமா, புகையிலைக் கட்டுப்பாடா: ஒன்றை விட்டால்தான் மற்றொன்றா?

கேள்வி: நான் மருத்துவர். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பும் முடித்திருக்கிறேன். இப்போது ஒரு சிறை மருத்துவமனையில் பகுதிநேரப் பணி. புகையிலைக் கட்டுப்பாட்டில் ஆலோசகராக வேண்டும் என்பது என் விருப்பம். “சிறையில் தங்கிவிட்டால் வேறு துறைக்குப் போகவே முடியாது, சீக்கிரம் வெளியே வா” என்கிறார்கள் மூத்தவர்கள். இதற்கிடையே சிறைக் கண்காணிப்பாளர் அடுத்த மாதம் முதல் வளாகத்தில் புகையிலைக்குத் தடை என்கிறார். திட்டம் எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சிறையை விடாதீர்கள். புகையிலை வரி, எச்சரிக்கைப் படம், விளம்பரத் தடை ஆகியவற்றைக் கரைத்துக் குடித்தவர்கள் ஏராளம். ஒரு சிறைக்கூடத்துக்குள் புகையிலை எப்படி வருகிறது, யார் கையில் பணமாகப் புழங்குகிறது, நின்றுபோனால் யாருக்கு என்ன ஆகும் என்று அறிந்த பொதுச் சுகாதார வல்லுநர்கள் மிகக் குறைவு. பல நாடுகளில் பொதுமக்களிடையே புகைபிடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். சிறைகளிலோ இன்னமும் பாதிக்கு மேற்பட்டவர்கள் புகைக்கிறார்கள். வறுமை, மனநோய், போதைப் பழக்கம் ஆகியவற்றோடு சேர்ந்து எங்கே புகை தங்கிவிட்டதோ, அந்த மனிதர்கள்தான் சிறை வாசலைக் கடந்துபோகிறார்கள். உங்கள் மூத்தவர்கள் இரண்டு துறைகளைப் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது.

இனி அந்தத் திட்டம். ஒரு மாதம் போதாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நியூசிலாந்து 2010இல் அறிவித்து, ஓராண்டு அவகாசம் விட்டு, 2011 ஜூலை 1 முதல் சிறைகளில் புகைபிடிப்பதை நிறுத்தியது. பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவகாசம் மட்டும் காப்பாற்றிவிடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தடை அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள், 2015 ஜூன் 30 அன்று, மெல்போர்ன் அருகே ஒரு சிறையில் பெருங்கலவரம் வெடித்தது. நெரிசல் போன்ற வேறு காரணங்களும் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை: அது விசாரணைக் கைதிகளுக்கான சிறை. தண்டனைக் கைதியைப் பல மாதங்கள் பேசித் தயார்செய்யலாம். நேற்று இரவு உள்ளே வந்தவரிடம் உங்கள் ஓராண்டுத் தயாரிப்பு போய்ச்சேர்ந்திருக்காது. ஆகவே திட்டத்தில் விசாரணைக் கைதிகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்: சேர்க்கையின்போதே புகையிலைப் பழக்கம் பற்றிக் கேட்பது, அன்றைக்கே நிகோடின் மாற்று சிகிச்சை (புகை இல்லாமல் நிகோடினை மட்டும் மருந்தாகத் தருவது) தொடங்குவது.

தடை என்பது நிர்வாக ஆணை. பழக்கத்தை விடுவது மருத்துவம். கண்காணிப்பாளர் முன்னதை எழுதச் சொல்கிறார், நீங்கள் பின்னதையும் சேர்த்து எழுத வேண்டும். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைகளும் நிகோடின் சூயிங்கமும் தடை தொடங்கும் நாளுக்கு முன்பே மருந்தறையில் இருக்க வேண்டும். கொள்முதல் உத்தரவு கையெழுத்தாகாமல் தேதியை அறிவிக்க விடாதீர்கள். எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர்களுக்கு நான்கு மில்லிகிராம் சூயிங்கம் தேவைப்படும். குறைந்த அளவைக் கொடுத்துவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பது வழக்கமான கதை. பட்டைகளும் வியாபாரப் பொருளாகும். ஆஸ்திரேலியச் சிறைகளில் அவற்றைத் தேயிலையோடு சேர்த்துப் புகைத்திருக்கிறார்கள். பழைய பட்டையைத் திருப்பித் தந்தால்தான் புதியது என்ற எளிய விதி ஓரளவு உதவும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. திட்டங்கள் பலவற்றில் அது விட்டுப்போகிறது. க்ளோசபைன், ஒலான்சபைன் போன்ற மனநோய் மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைப் புகையில் உள்ள தார்ப்பொருள்கள் தூண்டிவிடுகின்றன. புகை நின்றதும் அந்தத் தூண்டுதல் போய், சில நாட்களிலேயே இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். மயக்கம், வலிப்பு வரை போகலாம். நிகோடின் பட்டை இதைத் தடுக்காது, ஏனெனில் நொதியைத் தூண்டுவது நிகோடின் அல்ல. தடைத் தேதிக்கு முன்பே இந்த மருந்துகளை உண்பவர்களின் பட்டியலை எடுத்து, இரத்தப் பரிசோதனைக்கும் அளவைக் குறைப்பதற்கும் மனநல மருத்துவரோடு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் விடுதலையாகி மறுபடி புகைக்கத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகும்: மருந்தின் அளவு இறங்கி, நோய் திரும்பும்.

அடுத்தது அளவிடுதல். ஸ்காட்லாந்து 2018 நவம்பர் 30 அன்று தன் எல்லாச் சிறைகளையும் புகையற்றவை ஆக்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பே ஒவ்வொரு சிறையிலும் காற்றில் உள்ள நுண்துகள்களை அளந்திருந்தார்கள். தடை வந்த முதல் வாரத்திலேயே அவை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தன. அந்த அளவீட்டின் மதிப்பு ஆய்வுக் கட்டுரையோடு முடியவில்லை. புகையைச் சுவாசிப்பவர்களில் காவலர்களும் உண்டு என்பதை அது எண்களால் காட்டியது. கைதிகளின் நலனுக்கு அசையாத நிர்வாகம் ஊழியர்களின் நலனுக்கு அசையும். இது எனக்குப் பிடித்த உண்மை அல்ல, ஆனால் பயன்படும் உண்மை. அதே சமயம், கைதிகளைத் தடுத்துவிட்டு ஊழியர்களின் ஓய்வறையில் புகைக்க அனுமதிக்கும் திட்டத்தில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது.

உங்கள் வேலைவாழ்வை உருவாக்கப்போவது விடுதலை நாள். உள்ளே கட்டாயத்தால் விட்டவர்களில் மிகப் பலர் வெளியே வந்த சில நாட்களில் மறுபடி தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் புகையற்ற ஒரு சிறையிலிருந்து விடுதலையாகவிருந்தவர்களுக்கு ஆறு அமர்வுகள் ஆலோசனையும், வெளியே வந்தபின் தொலைபேசி உரையாடலும் தந்து பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, மூன்று வாரம் கழித்தும் புகைக்காதிருந்தவர்கள் அந்தக் குழுவில் 25 சதவீதம், இந்த உதவி பெறாத ஒப்பீட்டுக் குழுவில் 7 சதவீதம். ஏமாற்றமும் நம்பிக்கையும் ஒரே வரியில். உங்கள் சிறையில் இதே போன்ற ஒன்றைச் சிறிய அளவில் நடத்தி, ஒழுங்காகக் கணக்கு வைத்தால், எந்தச் சான்றிதழும் தராத தகுதி அது. ஆனால் ஒன்று: கைதியின் ‘சரி’ என்ற சொல் சுதந்திரமான சம்மதமா என்பதை நெறிமுறைக் குழு துருவித் துருவிக் கேட்கும். கேட்க வேண்டும். காவலர் அருகில் நிற்கக் கையெழுத்து வாங்காதீர்கள்.

படிக்க வேண்டியவை அதிகமில்லை. 2005இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் 8ஆவது பிரிவும் 14ஆவது பிரிவும் உங்கள் அன்றாட வேலை: பிறர் புகையிலிருந்து பாதுகாப்பு, பழக்கத்தை விட உதவி. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆவது விதி, வெளியே உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் சிகிச்சை என்கிறது. 27ஆவது விதி, மருத்துவ முடிவுகளை மருத்துவப் பொறுப்பாளர்களே எடுக்க வேண்டும், சிறை ஊழியர்கள் மாற்றக் கூடாது என்கிறது. கண்காணிப்பாளரோடு முரண்படும் நாளில் இரண்டாவது கைகொடுக்கும். தண்டனையாக நிகோடின் பட்டையை நிறுத்தச் சொல்லும் நாள் ஒன்று நிச்சயம் வரும்.

உங்கள் சம்பளம் எந்த அமைச்சகத்திலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். நார்வே 1988இலும் பிரான்ஸ் 1994இலும் சிறை மருத்துவத்தைச் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவந்தன. இங்கிலாந்தில் அந்த மாற்றம் 2006இல் நிறைவடைந்தது. சிறைத் துறையே உங்களுக்கு மேலதிகாரி என்றால், பரிந்துரைகளின் ஒரு படி சுகாதாரத் துறைக்கும் போகும்படி தொடக்கத்திலேயே எழுத்தில் பேசி வையுங்கள்.

ஆலோசகராகத் தனியே இறங்கும்போது வாய்ப்புகள் சுகாதார அமைச்சகங்கள், சர்வதேச அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள் என நாலாபக்கமிருந்தும் வரும். பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தங்கள். வருமானம் சீராக இருக்காது என்பதால் மருத்துவமனைப் பணியை உடனே விட வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ‘தீங்கு குறைப்பு ஆய்வு’ என்ற பெயரில் வரும் சில அறக்கட்டளை நிதிகளின் ஊற்றைத் தேடிப்போனால் புகையிலை நிறுவனம் நிற்கும். முன்பு சொன்ன புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் 5.3 பிரிவு, சுகாதாரக் கொள்கையை அந்தத் தொழிலின் நலன்களிலிருந்து காக்கச் சொல்கிறது. ஒருமுறை அந்தப் பணத்தைத் தொட்டவரை அரசுக் குழுக்கள் மறுபடி அழைப்பது அரிது.

விண்ணப்பங்களில் பட்டங்களின் பட்டியலை ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடுங்கள். அதோடு, இப்போது கண்காணிப்பாளருக்கு எழுதப்போகிற திட்டத்தையும், ஆறு மாதம் கழித்து அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற குறிப்பையும், கைதிகளின் பெயர்களை நீக்கி, நிர்வாகத்தின் அனுமதியோடு இணையுங்கள். நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும்போது முதலில் படிப்பது அந்தக் குறிப்பைத்தான்.